தராவீஹ் நேரத்து இரண்டு ஜிபி

நோன்பு மாதத்தில், ஒரே பின்னேரத்தில், நூற்றுச் சொச்சம் வீடுகளில் சண்டை மூட்டிவிட்டவள் நான். யாரைப் பற்றியும் ஒரு சொல் தப்பாகக் கதைக்கவில்லை. எல்லாருக்கும் ஒரு தாள் அனுப்பினேன், அவ்வளவுதான். அந்தத் தாள்களோடு என் சொந்தக் கலியாணத்தையும் சேர்த்து மடித்துவிட்டேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

அப்போது நான் ஒலுவில் கெம்பஸில் கணினி படித்து முடித்து ஆறு மாதம். படித்ததை எங்காவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலை. உம்மாவின் மசாலாப் போத்தல்களுக்கெல்லாம் இலக்கம் ஒட்டி, ஒரு பட்டியலும் செய்து குசினிச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். (கொச்சிக்காய்த் தூள் 003. உம்மா இன்றைக்கும் ஏசும்போது அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் ஏசுவா.)

இந்த நிலையில்தான் சாச்சா என் கையில் அகப்பட்டார். சாச்சா வாப்பாவின் தம்பி. நிந்தவூரில் பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம் அவருக்கு ஒரு கடை. கடைக்கு மேலே ஓர் இரும்புக் கோபுரம். அதிலிருந்து சுற்றுவட்டார வீடுகளுக்கெல்லாம் வைஃபை போகும். எல்லாருக்கும் ஒரே மாதக் கட்டணம் என்று இருந்ததை, பாவித்த அளவுக்கேற்ற கட்டணம் என்று சாச்சா மாற்றியிருந்தார். அளப்பது எப்படி என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

உண்மையில் அளவு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கோபுரத்து ரௌட்டர் பக்கத்து வீட்டு மாமி மாதிரி. யாராவது வைஃபைக்குள் நுழைந்தால், இன்னார் இத்தனை மணிக்கு வந்துவிட்டார் என்று உடனே ஒரு செய்தி அனுப்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இன்னும் இருக்கிறார், இவ்வளவு டேட்டா முடித்துவிட்டார் என்று சொல்லும். அவர் போனதும் மொத்தக் கணக்கையும் சேர்த்து ஒப்புவிக்கும். இதெல்லாம் கடைக் கணினியில் ஒரு கோப்பில் போய்க் குவியும். சாச்சா மாதக் கடைசியில் அந்தக் கோப்பைத் திறப்பார், பயந்து மூடுவார், பிறகு ஆளின் முகத்தைப் பார்த்து பில் எழுதுவார்.

"சாச்சா, இதெல்லாத்தையும் நான் டேட்டாபேஸில போட்டுத் தாறன். பில் தானா வரும்" என்றேன்.

"பில் தானா வரும். சல்லியும் தானா வருமா புள்ள?"

மூன்று நாளில் செய்து முடித்தேன். யார் யார் எத்தனை ஜிபி என்று ஒரு விசையில் வந்து நின்றது. கூட்டுத்தொகையை மூன்று தரம் சரிபார்த்தேன், ஒரு பிசகும் இல்லை. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

"எத்தின ஜிபி, எவ்வளவு சல்லி. ரெண்டையும் போட்டாக் காணும்" என்றார் சாச்சா.

"காணா சாச்சா. எத்தின மணிக்கு வந்த, எத்தின மணிக்குப் போன என்டு ஒவ்வொரு நாளுக்கும் போடணும். அப்பதான் ஆக்களுக்கு நம்பிக்கை வரும்."

சாச்சாவின் முகம் ஒரு மாதிரிப் போனது. "நேரம் என்னத்துக்கு? நேரம் அவனவன்ட சொந்த விசயம்."

"வெளிப்படைத்தன்மை சாச்சா!"

"வெளிப்பட்டாப் பிறகு என்னட்ட வராத" என்றார். நான் அதை ஒரு பழைய காலத்து மனிதரின் அச்சம் என்று எடுத்துக்கொண்டேன். (அந்தப் பழைய காலத்து மனிதருக்கு நாற்பத்திரண்டு வயது.)

இனி என் கலியாணம். பெருநாள் கழிந்து ஒரு மாதத்தில் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை அஸ்மி, அக்கரைப்பற்றில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர், வீடு எங்கள் ஊரில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் வந்திருக்க, பெண்ணின் வாப்பா வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கான வீடு எங்கள் வளவுக்குள்ளேயே எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முடிந்து, கூரைக்கு மரம் ஏறும் கட்டம். இரண்டு போக நெல்லை விற்ற காசு அதற்குள் இருந்தது. மாப்பிள்ளையைப் பற்றி வாப்பா வெளியில் விசாரித்தது ஒரே ஒரு கேள்வி: "பொடியன் பள்ளிக்குப் போறானா?" பள்ளிவாசலுக்குத் தவறாமல் போகிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். அதன் பிறகுதான் வாப்பா செங்கல்லுக்குச் சொன்னார்.

இருபதாம் நோன்பன்று, நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பிறகு, எங்கள் வீட்டு ஹோலில் பாயை விரித்து பில்களை அடுக்கினோம். பெருநாளைக்கு முன் எல்லா வீட்டுக்கும் போய்விட வேண்டும் என்பது சாச்சாவின் கட்டளை. நான் அச்சடிக்க, உம்மா மடிக்க, வாப்பா ஸ்டேப்ளர் கம்பி அடித்தார். ஒரு பகுதி முடிந்ததும் சாச்சா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விநியோகித்துவிட்டு அடுத்ததற்கு வருவார்.

மூன்றாவது நடையும் போன பிறகு வாப்பா மிச்சமிருந்த கட்டைப் புரட்டினார். "மாப்பிள்ளைட பில்ல ஒருக்காப் பாப்பம்" என்றார், சிரித்துக்கொண்டு.

சிரிப்பு இரண்டாவது வரியில் நின்றது. தாளை மடிக்காமல் மடியில் வைத்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"மேசன் பாஸ், நாளைக்கு வேலைக்கு வராதீங்க. இல்ல, நாளையண்டைக்கும் வேணா. நான் சொல்லிற வரைக்கும் வராதீங்க."

உம்மாவின் கை நின்றது. வாப்பா தாளை என்னிடம் நீட்டினார்.

"இது என்ன புள்ள? வாசி."

"முதலாம் நோன்பு. எட்டு ரெண்டுக்கு வந்திரிக்கார், ஒம்பதுக்குப் போயிரிக்கார். ரெண்டாம் நோன்பு, எட்டு மணிக்கு வந்து, எட்டு அம்பத்தெட்டுக்கு..."

"தராவீஹ் எத்தின மணிக்கு?"

நோன்பு மாதம் முழுக்க, இரவு இஷாத் தொழுகையோடு சேர்ந்து பள்ளிவாசலில் தொழும் தொழுகை அது. எங்கள் பள்ளியில் இருபது சுற்று, அதாவது இருபது ரக்அத்; சரியாக எட்டுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். ஊருக்கே தெரியும்.

"எட்டுக்கு வாப்பா" என்றேன்.

"பத்தொம்பது நாளும் அந்த நேரத்திலதான் ஃபோன் பாத்திரிக்கான். தொழாத ஆளுக்கா நான் கூர போடுற?" பிறகு ஒரு கேள்வி கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். "உன்ட இந்த டேட்டாபேஸ் பொய் சொல்லுமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். சொல்லும் வாப்பா, நான் மூன்று நாளில் அவசரமாகச் செய்தது, நேரத்தை ஒருதரமும் சரிபார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னது இது:

"டேட்டாபேஸ் பொய் சொல்லாது வாப்பா."

என் கலியாணத்தை நிறுத்துவதற்கு என் வாப்பாவுக்கு நானே சாட்சி சொன்னேன், அதுவும் பெருமையாக.

சூழ்நிலையைத் தணிக்க உம்மா வேறு ஒரு தாளை எடுத்தா. அது வாப்பாவின் பில். வாப்பாவுக்கும் சாச்சா தனிக் கணக்கு ஒன்று கொடுத்திருந்தார். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா.

"சாமம் ரெண்டு ஒண்டுக்கு வந்து, ரெண்டு முப்பத்திநாலுக்குப் போயிரிக்கீங்க. மற்ற நாளும் ரெண்டு மணிதான்." உம்மாவின் குரல் குழைந்துவிட்டது. "நான் நித்திரையாக் கிடக்கக்குள்ள எழும்பி ஃபோன்ல மார்க்கப் பயான் கேட்டு, சாமத் தொழுகை தஹஜ்ஜத்தும் தொழுதிரிக்கீங்க. ஒரு நாளாவது சொன்னீங்களா?"

வாப்பா தாளை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கூரை மாதிரி எதையோ தேடி மேலேயும் பார்த்தார்.

"அமல மறைவாத்தான் செய்யணும்" என்றார். (அமல் என்றால் வணக்கம், நற்செயல்.)

உம்மா அன்றைய நோன்புக் கஞ்சியில் வாப்பாவுக்கு இரண்டு கரண்டி இறைச்சி கூடப் போடுவதாக அப்போதே முடிவு செய்துவிட்டா. நான் அறைக்குள் போய் அஸ்மிக்கு அழைப்பு எடுத்தேன்.

"நீங்க தராவீஹுக்குப் போறல்லியா?"

"என்ன கேள்வி இது? முன் சப்பில நிக்கன், முதல் வரிசையில. ஒங்கட வாப்பா கடைசி வரிசையில, வாசலடியில."

"எட்டு மணிக்கு வைஃபையில இரிந்திரிக்கீங்க. ரெக்கோட் இரிக்கி."

"ஆர்ர ரெக்கோட்?"

"என்ட ரெக்கோட்!"

"நான் ஃபோன் பாக்கிறது லுஹருக்குப் பிறகுதான். அஸர் பாங்கோட வச்சிருவன். பள்ளிக்கூட லீவுதானே."

"என்ன பாத்த?"

"அத மட்டும் கேக்காதீங்க."

அதோடு முடிந்தது. என் பார்வையில் அவர் இப்போது தொழாதவர் மட்டுமல்ல, ஒளிக்கிறவரும்கூட. மனிதர் ஒன்று சொல்கிறார், அட்டவணை ஒன்று சொல்கிறது. நான் அட்டவணையை நம்பினேன். ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே, பத்தொன்பது வரிகளும் எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கின்றன என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். (அந்த மூலை இன்னும் என்னிடம் இருக்கிறது. திருத்த முடியவில்லை.)

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு ஊர் வெடித்தது.

முதலில் பின்வளவு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினா. அவவின் மகன்மார் மூன்று பேரும் தராவீஹுக்கென்று தொப்பி போட்டுக்கொண்டு போய், எட்டு மணிக்கு ஏதோ பார்த்திருக்கிறார்கள் என்று பில் சொல்கிறதாம். அதற்கடுத்த வீட்டில் ஒரு புருஷன், "அல்லாஹ்வுக்காக நான் இருபது ரக்அத்தும் தொழுதன்" என்று கத்துவது எங்கள் குசினிக்குக் கேட்டது. அவர் மனைவி, "பில் இரிக்கி!" என்று கத்துவது அதைவிடத் தெளிவாகக் கேட்டது. சாச்சா திரும்பி வந்தார். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் போடக்கூட மறந்து மதிலில் சாய்த்துவிட்டு வந்தார்.

"புள்ள, ஊர் முழுக்க எட்டு மணிக்கு வைஃபை பாத்திரிக்கி. அப்ப பள்ளிக்குள்ள நின்ட சனம் ஆரு?"

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. என் மூளைதான் அந்த நேரம் நேர்த்தியான வரிகளை நினைத்துக்கொண்டிருந்தது.

கேற்றடியில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஒரு குரல். எங்கள் பள்ளிவாசல் இமாம். ஹஸ்ரத் என்றுதான் ஊரில் சொல்வோம். அவர் கையிலும் ஒரு பில். வாப்பா எழும்பி நின்று கதிரையை இழுத்துப் போட்டார். ஹஸ்ரத் உட்காரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"மகள், இந்தத் தாள்ட கணக்குப்படி நான் தராவீஹ் தொழுவிச்சிக்கிட்டே ரெண்டு ஜிபி முடிச்சிரிக்கன்."



"எனக்குப் பின்னால ஒங்கட வாப்பா, சாச்சா, ஊர் எல்லாரும் நின்டாங்க. நான் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுத்தான் நின்டன். கேட்டுப் பாருங்க."

வாப்பா இருமினார். சாச்சாவும் இருமினார். அந்த இரண்டு இருமலையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

"பின்னேரம் எங்கட புள்ளைகள் கார்ட்டூன் பாக்கிறது உண்மதான். அது ரெண்டரைக்கு" என்றார் ஹஸ்ரத். "இன்னொண்டும் பாருங்க. ஆறேகாலுக்கு எல்லாரும் ஃபோன்ல இரிந்ததாம். நோன்பு துறக்கிற நேரம் கஞ்சிக் கோப்பைய வச்சிட்டு ஃபோன் பாக்கிற மனிசன இந்த ஊர்ல நான் இன்னும் காணல்ல."

இரண்டரை. எட்டு. நான் மடிக்கணினிக்கு ஓடினேன்.

இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தேன். கோபுரத்து ரௌட்டர் நேரத்தை எங்கள் நாட்டு நேரத்திலேயே அனுப்பியிருந்தது. நான் டேட்டாபேஸிடம், வருவது உலகப் பொது நேரம் என்று சொல்லி வைத்திருந்தேன். அதனால் பில் அடிக்கும்போது அது கடமை தவறாமல் இலங்கைக்கென்று ஐந்தரை மணித்தியாலம் கூட்டியது. நோன்பு வைத்துக்கொண்டு, வயிறு காய, அஸர் பாங்குக்காகக் காத்துக்கிடந்து மனுஷர் ஃபோன் பார்த்த இரண்டரை மணி, எட்டு மணியாகிவிட்டது. பாங்கு சொன்னதும் ஃபோனை வைத்தார்களே, அந்த மூன்றரை, ஒன்பதாகிவிட்டது. பகல் பன்னிரண்டேமுக்கால், நோன்பு துறக்கும் ஆறேகாலாகிவிட்டது. வருடத்தில் வேறு எந்த மாதத்தில் இந்தப் பிழையை விட்டிருந்தாலும் ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்து, ஒரே நேரத்தில் வைத்து, ஒரே நேரத்தில் தொழுகிற மாதமாகப் பார்த்து அந்தப் பிழையை விட்டேன்.

ஹஸ்ரத் சிரித்துவிட்டு, "மஃரிபுக்கு முன்னால, நோன்பு துறக்கிறதுக்குள்ள ஊருக்குச் சொல்லிருங்க. கனபேர் வீட்டுக்குள்ள போகப் பயந்து பள்ளிலயே இரிக்காங்க" என்று சொல்லிப் போனார்.

"எல்லா பில்லையும் திருப்பி அடிக்கணும் சாச்சா" என்றேன்.

"ஓம் ஓம். கூட்டுத்தொகைய மட்டும் அடி."

"அதெப்படி? நேரத்தக் காட்டித்தானே எல்லாரையும் பழுதாக்கின. நேரத்தக் காட்டித்தான் சரியாக்கணும்." அஸ்மியின் பத்தொன்பது வரியும் தாளில் திருந்தி வாப்பாவின் கையில் இருக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"சொல்லிறதக் கேளு புள்ள."

கேட்கவில்லை. ஐந்தரையைக் கழித்தேன். திரையில் ஊர் முழுவதும் எட்டு மணியிலிருந்து இரண்டரைக்கு நகர்ந்தது. அஸ்மியும் நகர்ந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அப்போதுதான் ஓர் ஆளின் கணக்கு மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து எட்டு மணிக்குள் விழுந்ததைக் கண்டேன். சாமம் இரண்டு ஒன்று, எட்டு முப்பத்தொன்றாகியிருந்தது. இரண்டு முப்பத்திநாலு, ஒன்பது நாலு.

வாப்பா.

நான் திரும்பிப் பார்த்தேன். சாச்சா நிலத்தைப் பார்த்தார்.

"எட்டு ரக்அத்தோட வெளிய வந்திருவார்" என்றார் மிக மெதுவாக. "நேரா நம்மட கடைக்கு. கிரிக்கட்."

"நீங்க?"

"கடையத் திறக்க ஒரு ஆள் வேணும்தானே."

நேரம் அவனவன் சொந்த விசயம் என்று சாச்சா ஏன் சொன்னார் என்பது எனக்கு அந்த நொடியில் விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது, அது கொஞ்சம் உறைத்தது. சாமம் இரண்டு மணிக்குத் தான் நித்திரையில் இருந்தது வாப்பாவுக்குத் தெரியும். அப்படியானால், தன் பில்லைக் கையில் வாங்கிய கணமே பில்லின் நேரம் பிழை என்பதும் தெரிந்திருக்கும். ஊரிலேயே அதற்கு ஆதாரம் வைத்திருந்த முதல் ஆள் அவர். மாப்பிள்ளையைக் காப்பாற்ற அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "நான் அந்த நேரம் கடையில கிரிக்கட் பாத்தன்." அவர் சொன்ன வாக்கியம் அமலைப் பற்றியது.

வாப்பாவின் பில்லை மட்டும் அச்சடிக்காமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் மடிக்கிறவ உம்மா.

"வாப்பாட எங்க? அத எனக்குத் தா, நான் எடுத்து வைக்கணும்" என்றா.

கொடுத்தேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா. கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தா. வாப்பா முற்றத்தில் செருப்பைத் தேடினார்.

"எங்க போறீங்க?"

"மேசன் பாஸ்ட வீட்டுக்கு. நாளைக்கு வரச் சொல்லணும். மரம் நனையும்."

"ஃபோன்ல சொல்லலாமே. ஃபோன் நல்லாப் பாவிக்கிறீங்களே" என்றா உம்மா.

அன்று வாப்பாவின் கஞ்சியில் இறைச்சி இருக்கவில்லை. அன்றிலிருந்து பெருநாள் வரை வாப்பா இருபது ரக்அத்தும் தொழுதார். சாச்சாவும் தொழுதார். கடை பூட்டியே கிடந்தது.

அஸ்மிக்கு நான் மன்னிப்புக் கேட்க அழைப்பு எடுத்தபோது, முதலில் என்ன பார்த்தார் என்பதைச் சொல்லச் சொன்னேன். கெஞ்சினேன்.

"டேட்டாபேஸ் பாடம்" என்றார். "நீங்க கதைக்கிறது ஒண்டும் விளங்கிறல்ல. கலியாணத்துக்கு முதல் கொஞ்சம் விளங்கி வைப்பம் என்டு. பன்னிரண்டாம் பாடம் வரைக்கும் வந்துட்டன்."

"பன்னிரண்டாம் பாடம் என்ன?"

"நேரத்தச் சேமிக்கிறது எப்படி. அதை நீங்க படிச்சில்லியா?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அவரைக் கட்டியது அந்தக் கேள்விக்குப் பழி வாங்கத்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

கூரை ஏறியது. வீடு முடிந்தது. கேட்காமலே வாப்பா ஓர் அறை கூடக் கட்டிவிட்டார், முற்றத்துப் பக்கம், சின்னதாக. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் இப்போது அதில் இருந்துதான் சாச்சாவின் பில்களை அடிக்கிறேன். பில்லில் கூட்டுத்தொகை மட்டும்தான்.

அந்த அறைக்கு எங்கள் வீட்டில் பெயர் தஹஜ்ஜத் அறை. புதிதாக வருகிறவர்கள், மாஷா அல்லாஹ், வணக்கத்துக்கென்று தனி அறையா என்று கேட்பார்கள். அஸ்மி மரியாதையாக வாப்பாவின் பக்கம் திரும்பி, "அது மாமாட அமல். மறைவாச் செய்தது" என்பார். வாப்பா உடனே மணி என்ன என்று கேட்டுக்கொண்டு எழும்புவார். உம்மா குசினிக்குள்ளிருந்தே பதில் சொல்லுவா:

"ஐந்தரையக் கழிச்சிப் பாருங்க."